ஜன்னலில் சிரித்த மேயர்

அக்கா,

போன் பண்ணிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும். அப்பா இன்னும் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். மாத்தே டீயைக் குழலில் உறிஞ்சுகிற சத்தம் என் கட்டில் வரை கேட்கிறது. அதனால் போனிலேயே எழுதி அனுப்புகிறேன். ரொசாரியோவில் டூட்டி முடிந்து பஸ் ஏறும்போது படி.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு அறைக்குள் நான் ஒன்றைப் பார்த்தேன். நாளைக் காலை தேர்தல் வாரியத்துக்குப் போய் அதைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சொன்னால் எங்கள் டீச்சருக்கு வேலை போகலாம். அப்பா என்னிடம் பழையபடி பேசுவாரா என்றும் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருக்கிறது.

லுத்மிலா டீச்சரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். இருபத்தாறு வயது. பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்து குடிமையியல் எடுக்கிறார். முதல் நாளே புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். "இதுல இருக்கிற தேர்தல் எந்த ஊர்லயும் நடக்காது" என்றார். மூலைக் கடையில் விற்காமல் மிஞ்சுகிற பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிக் கயிறு கட்டிக் கொண்டுவருவார். வகுப்பு முடிந்தால் எங்கள் எல்லாருடைய விரலும் கறுப்பாக இருக்கும்.

ஒருநாள் இரண்டு பத்திரிகைகளைப் பலகையில் ஒட்டினார். நம் ஊர் பாசோ ஹோந்தோவின் சதுக்கத்தில் மேயர் கொரோசித்தோ நடத்திய அதே கூட்டம். ஒன்றில் 'சதுக்கம் நிரம்பி வழிந்தது' என்று இருந்தது. இன்னொன்றில் 'சுமாரான கூட்டம்'.

"எது சரி?" என்று கேட்டார்.

உலிசெஸ் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்கம்மா அன்னிக்கு அங்க சாசேஜ் ரொட்டி வித்தாங்க. பாதிக்கு மேல மிஞ்சிடுச்சு. மூணு நாளா வீட்ல காலைல ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரி ரொட்டி."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அதான் ஆதாரம். உக்காந்து எழுது."

அவர் அப்படித்தான். பத்திரிகையில் ஒரு வரியைக் கொடுத்து, "இதை நீ எப்படிச் சரிபார்ப்ப?" என்று கேட்பார். அப்பாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "அந்தப் பேப்பரா? மேயர் வீட்டு நாய் கூட அதை நம்பாது" என்றார். பிறகு நான் வெட்டி வைத்ததை எல்லாம் எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். இருபது வருஷமாக எதிர்க்கட்சி ஏஜென்ட்டாக ஓட்டுச்சாவடி மேசையில் உட்காருகிறவர். அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தேர்தலுக்கு முந்தின வியாழக்கிழமை டீச்சர் வகுப்பிலேயே ஒரு தேர்தல் வைத்தார். கேன்டீனில் பொரித்த ரொட்டி விற்பதா, எம்பனாடா விற்பதா. இரண்டு கட்சிக்கும் சீட்டு தயார் பண்ணினோம். நிஜத்தில் நடப்பது போலவே, அறைக்குள் மேசை மேல் சீட்டுகள், ஆள் ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்துக் கவரில் போட்டு, வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். நடுவில் எம்பனாடா சீட்டு எல்லாம் காணாமல் போனது. உலிசெஸ் சட்டைப் பையில் இருந்தது.

"நிஜத்துலயும் இப்படித்தான டீச்சர் திருடறாங்க? நீங்க குடுத்த பேப்பர்லதான் படிச்சேன்" என்றான்.

ஓட்டு அறை என்றால் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி ஜன்னலை மூட வேண்டும் இல்லையா. அந்த வகுப்புத் தேர்தல் தொடங்கும் முன்பே மிஞ்சிய பத்திரிகைகளை நானும் உலிசெஸும் ஜன்னல்களில் ஒட்டியிருந்தோம். ஓல்கா ஆயா மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். டீச்சர் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அரசியல் பக்கம் எதுவும் உள்பக்கம் தெரியக் கூடாது. விளையாட்டு, வானிலை, மரண அறிவிப்பு, அது மட்டும் ஒட்டுங்க."

"ஏன் டீச்சர்? பாத்தா மனசு மாறிடுமா?" என்று கேட்டேன்.

"மாறுதோ இல்லையோ, அந்த அறைக்குள்ள நீ தனியா இருக்கணும். உன் கூட யாரும் இருக்கக் கூடாது, படமாக்கூட."

மூன்றாவது ஜன்னலுக்கு நான் கால்பந்துப் பக்கத்தை ஒட்டினேன். அணிகளின் புள்ளிப் பட்டியலும் ஒரு கோல்கீப்பரின் படமும். கண்ணாடியோடு ஒட்டிய பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை; அந்த ஜன்னலுக்கு வெளியே யாரும் நடப்பதும் இல்லை. டீச்சரும் பார்க்கவில்லை. உலிசெஸ் எதையுமே பார்க்கவில்லை.

மறுநாள் கிழித்துவிடலாம் என்று இருந்தோம். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க, ஞாயித்துக்கிழமை இதுதான் நாலாம் மேசைக்கு ஓட்டு அறை. பேப்பர் வாங்கற செலவு மிச்சம்" என்றார். டீச்சருக்குப் பெருமை. எங்களுக்கும்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பதினாறு வயதானால் போடலாம், விருப்பம் இல்லாவிட்டால் போட வேண்டாம் என்பதுதான் சட்டம். ஆனால் அப்பா ஒரு மாதமாக என் முதல் ஓட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நீ விட்டுப்போன நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காலையிலேயே போனேன். நாலாம் மேசையில்தான் அப்பாவும் ஏஜென்ட். மருந்துக்கடை அம்மாள்தான் மேசைத் தலைவி. அவர் கையெழுத்துப் போட்டு ஒரு கவர் கொடுத்தார். அதில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார், ஏஜென்ட்டாக. போட்டுவிட்டு யாரும் பார்க்காதபோது எனக்குக் கண்ணடித்தார்.

யாருக்குப் போடுவது என்று நான் முன்பே முடிவு பண்ணியிருந்தேன். கால்நடை டாக்டர் சில்வீனாவுக்கு. அப்பா கட்சி என்பதற்காக இல்லை. பள்ளிக்குப் பின்னால் தேங்குகிற சாக்கடையை எந்த வழியாக வெளியேற்றலாம் என்று அவர் ஒரு பேட்டியில் தெரு தெருவாகச் சொல்லியிருந்தார். நானும் உலிசெஸும் அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினார்கள். என் வகுப்பறைதான், ஆனால் என்னுடையது மாதிரி இல்லை. மேசை மேல் இரண்டு அடுக்காகச் சீட்டுகள். சில்வீனா சீட்டுக்குக் கையை நீட்டினேன். அப்போது ஜன்னல் பிரகாசமானது.

நாங்கள் மத்தியான ஷிப்ட். நாங்கள் வருவதற்குள் வெயில் கட்டடத்தின் மறுபக்கம் போய்விடும். காலை வெயில் அந்த அறையில் எப்படி விழும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட்டும் பார்த்திருக்காது, அன்று ஒரே மேகம். மூன்றாவது ஜன்னலில் வெயில் நேராக அடித்தது. புள்ளிப் பட்டியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய முகம் மெதுவாக எழுந்து வந்தது. பல் தெரிகிற சிரிப்பு. நெற்றியில் அணிகளின் பெயர்கள். கன்னத்தில் கோல்கீப்பர். கீழே எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன, இருந்தாலும் படிக்க முடிந்தது. கொரோசித்தோ. பக்கம் முழுக்க அவருடைய விளம்பரம்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. அந்தப் படங்களை எல்லாம் கேமராவை நேராகப் பார்த்துத்தானே எடுப்பார்கள். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர் என்னைப் பார்த்தார். இந்த அறையில் நான் என்ன எடுக்கிறேன் என்று யாருக்கோ தெரிகிறது என்று தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். காகிதம் என்று தெரியும். ஒட்டினவளே நான்தான். ஆனாலும் என் கை சில்வீனாவை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனது. மேயர் சீட்டை எடுத்தேன். மடித்தேன். கவரில் போட்டேன்.

கதவு தட்டப்பட்டது. "பாப்பா, உள்ள மயங்கி விழுந்துட்டியா?" மருந்துக்கடை அம்மாள்.

வெளியே வந்தேன். "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். பெட்டியில் போட்டேன். முதல் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் கை தட்டுவார்களே, தட்டினார்கள். அப்பா எழுந்து நின்று தட்டினார்.

எனக்கு அடுத்து உள்ளே போனவர் சிரியாக்கோ, ஆற்றங்கரையில் தூண்டிலுக்கு மண்புழு விற்கிறவர். வெளியே வந்து, "உள்ள மேயர் சிரிக்கிறாரு" என்றார்.

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"நேத்தே சாராயக் கடை எல்லாம் மூடியாச்சே தாத்தா. உங்களுக்கு மட்டும் எங்க கிடைச்சுது?" என்றார் மருந்துக்கடை அம்மாள்.

"நான் குடிக்கல. அந்தாளு சிரிக்கிறாரு."

"அவரு ஊர் பூராவும்தான் சிரிக்கிறாரு, போய்ப் படுங்க" என்றார் அப்பா.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அக்கா. வாயைத் திறக்கவில்லை.

இரவு அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டையில் ஏஜென்ட் அட்டை அப்படியே இருந்தது. ஊர் முழுக்க எண்ணி முடித்ததில் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் மேயர் ஜெயித்திருந்தார். அம்மா பண்ணிய ரவியோலியை அப்பா தொடவில்லை.

"ஒன்பது பேரு. நம்ம பக்கம் இருந்துக்கிட்டே முதுகுல குத்தினவங்க யாரோ ஒன்பது பேரு. முடிவெட்டற நெஸ்தோர் ஒருத்தன். அவன் இன்னிக்கு என் கண்ணைப் பாத்தே பேசல."

"அவனுக்கு மாறுகண்ணு" என்றார் அம்மா.

நான் தட்டில் இருந்த ரவியோலியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். சிரியாக்கோ சொன்னதையும் அப்பா ஒரு ஜோக்காகச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே போய்ப் பார்த்தாராம். "ஒரு கோல்கீப்பர்தான் இருக்கான். அவனும் சிரிக்கல."

இன்றைக்குப் பள்ளி லீவு, சுத்தம் செய்கிற நாள். ஓல்கா ஆயா காலையில் ஆள் அனுப்பினார், ஒட்டினவர்களே வந்து சுரண்ட வேண்டும் என்று. உலிசெஸ் எழுந்திருக்கவே இல்லை. நான் போனபோது டீச்சர் தலையில் துணி கட்டிக்கொண்டு பட்டி பிளேடால் முதல் ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வா. மைதாவா சிமென்ட்டா, என்ன காய்ச்சினாங்கன்னு தெரியல" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது ஜன்னலில் வெயில் ஏறியது. மேயர் வந்துவிட்டார். அதே பல், அதே நெற்றி.

டீச்சர் பிளேடை இறக்கினார். கீழே இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"இது நேத்தும் இருந்துதா?"

"இருந்துது டீச்சர். நான் உள்ள போனப்ப."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். ஆயா தாழ்வாரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஈரப் பஞ்சை என் கையில் வைத்து, பிளேடையும் கொடுத்தார். மெல்லிய குரலில், "மொதல்ல அதைச் சுரண்டு" என்றார்.

நான் நகரவில்லை.

"மைத்தேனா, எனக்கு டிசம்பரோட வேலை முடியுது. மார்ச்சுல நிரந்தர வேலைக்கு என் பேரு போயிருக்கு. இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிற?"

"ஆதாரம்னு நீங்கதான டீச்சர் சொல்வீங்க."

"சொன்னேன். தெரியும்." தலைத் துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு வகுப்பில் பேசுகிற குரல் வந்தது. "யோசிச்சுப் பாரு. இந்த மூஞ்சி ஒரு மாசமா எல்லாச் சுவத்துலயும் இருக்கு. பஸ் ஸ்டாப்புல இருக்கு, ஐஸ்கிரீம் பெட்டில இருக்கு. ஒரு ஜன்னல்ல வந்ததால யாரோட ஓட்டு மாறியிருக்கும்?"

"என்னோடது டீச்சர்."

பஞ்சிலிருந்து தண்ணீர் என் ஷூ மேல் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். உலிசெஸின் பெஞ்ச் அது, ஒரு கால் ஆடும். அதுவும் அவரோடு ஆடியது.

"அது என் காதுல விழல" என்றார் கடைசியில். "யாருக்குப் போட்டேன்னு நீ யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். வாரியத்துல கேட்டாலும் வேண்டாம். ஜன்னல்ல என்ன தெரிஞ்சுதுன்னு மட்டும் சொன்னா போதும். அதுக்கு மேல கேக்க எவனுக்கும் உரிமை இல்ல."

எழுந்து போனில் அந்த ஜன்னலைப் படம் எடுத்தார். முதல் படம் கலங்கிப்போய், மறுபடி எடுத்தார். அறையைப் பூட்டிச் சாவியை ஆயாவிடம் கொடுத்து யாரையும் விட வேண்டாம் என்றார்.

"உங்களுக்கு வேலை போயிடுமா டீச்சர்?"

"தெரியல. ஒட்டினது நீ, ஒட்டச் சொன்னது நான், விட்டுவைக்கச் சொன்னது ஹெட்மாஸ்டர். யார் தலைல விழும்னு பாப்போம்." சிரிக்கப் பார்த்தார். "புகார் குடுக்க நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். காலைல ஏழு மணிக்கு வாசல்ல நிப்பேன். நீ வரலைன்னா நான் தனியாப் போவேன். வந்தே ஆகணும்னு இல்ல."

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். ஜன்னலைப் பற்றி மட்டும்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நாலாம் மேசைக்கு மறு ஓட்டு. வைக்காம தப்பிக்க முடியாது. எங்க என் போன்?" தேடினார், போன் கையிலேயே இருந்தது. பிறகு அப்படியே நின்றார்.

"அப்ப அந்தக் கிழவன் சொன்னது நிஜம். இருபது வருஷமா ஏஜென்ட்டு. ஒருத்தர் வந்து மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, போய்ப் படுங்கன்னுட்டேன். வெயில் போனப்புறம் உள்ள போய்க் கோல்கீப்பரைப் பாத்துட்டு வந்திருக்கேன்."

அம்மா, "சரி, உக்காருங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ அவருக்கு முன்னாடியே பாத்துட்ட. வெளிய வந்து என் முன்னாடிதான் நின்ன. ஏன் சொல்லல?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"மைத்தே. யாருக்குப் போட்ட?"

அம்மா குழாயை மூடினார். வரிசையில் யாராவது பக்கத்தில் நிற்கிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அப்பா எப்படிக் கத்துவார் என்று உனக்குத் தெரியும். ஒருமுறை பாதிரியாரிடமே கத்தினார்.

"அது ரகசியம்பா."

அவர் முகம் சிவந்தது. கோபம் இல்லை. அடுத்தவர் பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். "சரி. கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மறு ஓட்டு வந்தா நீங்க நாலாம் மேசைல உக்காராதீங்கப்பா."

"ஏன்?"

"நீங்க கதவுக்கு வெளிய இருந்தா நான் உள்ள தனியா இருக்க மாட்டேன்."

"என்னையும் அந்தாளையும் ஒண்ணாச் சேக்கறியா?"

"இல்லப்பா. ஆனா அன்னிக்கு நீங்க கை தட்டினப்பவும் எனக்கு அப்படித்தான் இருந்துது."

அவர் மாத்தேக் குடுவையை எடுத்தார். தண்ணீர் சுட வைத்தார். அப்போது உட்கார்ந்தவர்தான்.

உன்னிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன், அக்கா. படித்ததும் அழித்துவிடு. நான் வாரியத்தில் என்ன சொல்லப்போகிறேன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மூன்றாவது ஜன்னல், காலை வெயில், முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது. அவ்வளவுதான் வாக்கியம்.

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இப்போது மறுபடி எடுக்கிறேன், ஏனென்றால் அப்பா வந்தார். கதவைத் தட்டினார். இந்த வீட்டில் அவர் கதவு தட்டியதே இல்லை.

"ஏழு மணிக்குத்தான?" என்றார்.

"ஆமா."

"நானும் வரேன். நான் எப்ப உள்ள போனேன், என்ன பாக்கலைன்னு நானும் எழுதிக் குடுக்கணும். சிரியாக்கோவைப் போற வழில கூட்டிக்கலாம். அவரு என் கூட வருவாரான்னுதான் தெரியல."

"சரிப்பா."

"நாலாம் மேசைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நான் ஏழாம் மேசைக்குப் போயிடறேன், அது பின்கட்டுல இருக்கு."

சொல்லிவிட்டும் போகவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். போனைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.